மருந்தை மறுக்கும் வளர்ப்புப் பறவைக்கு மருந்து கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், மருந்தும் வாங்கியாயிற்று, ஆனால் அது பறவையின் வாய்க்குள் போக மறுக்கிறது என்பதுதான் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் கூண்டும் கையுமாக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை. அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பறவையைப் பிடித்த பிறகே மருந்தை அளக்கவும், துண்டைத் தேடவும், மின்விசிறியை நிறுத்தவும் தொடங்குகிறார்கள். அதற்குள் பறவைக்கு மூச்சு வாங்கிவிடுகிறது, பிடித்தவருக்கும் கை நடுங்குகிறது. எனவே இந்த வழிகாட்டியில் வரிசைக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் பட்ஜிகள், காக்டெயில், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் ஆகிய கிளி இனப் பறவைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். புறாவுக்கு முறை வேறு என்பதால் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன். நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்டோ நோயுற்றோ கிடைத்த பச்சைக்கிளியை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

1. முதலில் எடை

மருந்தின் அளவு பறவையின் எடையைப் பொறுத்தது என்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் எடை பார்க்க வேண்டும். பட்ஜி ஏறக்குறைய 30 முதல் 40 கிராம் இருக்கும்; காக்டெயில் 80 முதல் 110 கிராம் வரை இருக்கும். 35 கிராம் பட்ஜிக்கு 1 மில்லி என்பது, 60 கிலோ மனிதர் ஒருவர் ஒன்றரை லிட்டருக்கும் மேல் ஒரே மூச்சில் குடிப்பதற்குச் சமம். இந்தக் கணக்கு ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், 'இன்னும் ஒரு சொட்டு போனால் என்ன' என்ற எண்ணம் பிறகு வராது.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்னணுத் தராசு போதும். மூடியில் ஓட்டைகள் போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்கி, பிறகு பறவையை உள்ளே விட்டு எடை பார்க்கலாம். தினமும் காலையில், தீனி வைப்பதற்கு முன், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். தின்ற பிறகு பார்த்தால், பறவையின் கழுத்தடியில் இரை தங்கும் தீனிப்பையில் இருக்கும் தானியத்தின் எடையும் சேர்ந்துவிடும். சிகிச்சை நடக்கும் நாள்களில் இந்தக் குறிப்புதான், பறவை தேறுகிறதா கரைகிறதா என்பதை முதலில் காட்டும். பறவைகள் நோயை மறைப்பவை. இறகுக்குள் உடல் மெலிந்துபோவது கண்ணுக்குத் தெரியாது.

2. மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

சீட்டில் 'காலை, மாலை 2 சொட்டு' என்று மட்டும் இருந்தால் அதோடு திரும்பி வந்துவிடக் கூடாது. சொட்டின் அளவு குப்பிக்குக் குப்பி, ட்ராப்பருக்கு ட்ராப்பர் மாறும். எத்தனை மில்லி என்று தசமப் புள்ளியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். 0.1 என்பதையும் 0.01 என்பதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை நாள், குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா, உணவோடு கொடுக்கலாமா, பறவை துப்பிவிட்டால் என்ன செய்வது என்ற ஐந்து கேள்விகளையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும். முடிந்தால், முதல் வேளையை மருத்துவர் முன்னிலையில் உங்கள் கையாலேயே கொடுத்துக் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட்டால், வெயில் ஏறுமுன் பறவையோடு வீடு திரும்பிவிடலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீந்த காய்ச்சல் மருந்தையோ பக்கத்து வீட்டுப் பறவைக்குக் கொடுத்த மருந்தையோ எடுத்துக் கொடுக்கக் கூடாது. இந்த வழிகாட்டியிலும் எந்த மருந்துக்கும் அளவு சொல்லவில்லை. அது உங்கள் பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சொல்ல வேண்டியது.

3. எடுத்து வைக்க வேண்டிய பொருள்கள்

முதன்மையானது சிரிஞ்ச். மருந்துக்கடையில் ஊசியைக் கழற்றக்கூடிய 1 மில்லி சிரிஞ்ச் என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் 0.01 மில்லி வரை கோடுகள் இருக்கும். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழலை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

இங்கே நான் அடிக்கடி காணும் ஆபத்தான தவறு, வீட்டில் சர்க்கரை நோயாளிக்கு இருக்கும் இன்சுலின் சிரிஞ்சை எடுத்துக்கொள்வது. அதில் இருக்கும் கோடுகள் மில்லி அல்ல, யூனிட். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் வகையில் 40 யூனிட் சேர்ந்தால்தான் 1 மில்லி. ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் வகையில் 100 யூனிட் சேர்ந்தால் 1 மில்லி. ஆகவே 0.1 மில்லி என்பது முதல் வகையில் 4 யூனிட், இரண்டாவது வகையில் 10 யூனிட். யாரோ ஒருவர் '10 வரை இழு' என்று சொன்னதைக் கேட்டுச் சிவப்பு மூடியில் 10 இழுத்தால், இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகிறது. மேலும் அந்த சிரிஞ்சில் ஊசி பெரும்பாலும் குழலோடு ஒட்டியே இருக்கும். அதை வெட்டி எடுத்தால் முனை கூராக நின்று வாயைக் கிழிக்கும். அந்த வகையைத் தொடவே வேண்டாம்.

கண்ணாடி ட்ராப்பரும் கூடாது. கிளி இனப் பறவைகள் அலகால் கடித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவை. கண்ணாடி வாய்க்குள் நொறுங்கிவிடும்.

அடுத்தது துண்டு. சுருள் நூல் நிறைந்த டர்க்கித் துண்டில் பறவையின் நகம் மாட்டிக்கொள்ளும், அது உதறும்போது விரல் சுளுக்கும். வீட்டில் இருக்கும் பழைய ஈரிழைத் துண்டோ மெல்லிய வேட்டித் துணியோதான் சரி. துணி மெல்லியதாக இருந்தால், உள்ளே பறவை எப்படி மூச்சு விடுகிறது என்பது உங்கள் கைக்குத் தெரியும்.

இவற்றோடு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சு, கடிகாரம், குறிப்பேடு, மருந்துக்குப் பிறகு கொடுக்கத் தினைக் கதிர் அல்லது பறவைக்கு மிகவும் பிடித்த தின்பண்டம் ஆகியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. தண்ணீரிலும் தானியத்திலும் கலப்பது ஏன் உதவாது

புதியவர்கள் முதலில் செய்வது இதுதான்: குடிநீர்க் கிண்ணத்தில் மருந்தைக் கலந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. நானும் அதைத்தான் செய்தேன். என்னுடைய முதல் காக்டெயில் சாம்பல் நிறப் பெண் பறவை. அது எச்சம் கழிந்து சோர்ந்திருந்தபோது, பறவை விற்கும் கடையொன்றில் கொடுத்த மஞ்சள் நிற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது, நான் ஊற்றிய கோட்டிலேயே தண்ணீர் நின்றிருந்தது. கசப்பு பிடிக்காமல் அது தண்ணீரையே நிறுத்திவிட்டிருந்தது. நெஞ்செலும்பு கத்தி முனைபோல் கைக்குத் தட்டியது. மருத்துவரிடம் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது, அன்றிரவே இறந்துவிட்டது. அதன் பிறகுதான் இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

பட்ஜி ஒரு நாளில் குடிப்பதே சில மில்லி தண்ணீர்தான். நோயுற்ற பறவை அதிலும் குறைவாகக் குடிக்கும் அல்லது கழிச்சல் காரணமாக அளவுக்கு மீறிக் குடிக்கும். இரண்டிலும் உள்ளே போன மருந்தின் அளவு நமக்குத் தெரியாது. குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். ஒரே கூண்டில் நிறையப் பறவைகள் இருக்கும்போது, சில மருந்துகளை மருத்துவரே தண்ணீரில் கலக்கச் சொல்வது உண்டு. அப்போதும் மற்ற நீரையும் பழங்களையும் எடுத்துவிட்டு, குடித்த அளவைத் தினமும் பார்க்க வேண்டும்.

தானியத்தில் தடவுவது அதைவிடப் பயனற்றது. எங்கள் தெருவில் ஒரு பள்ளி மாணவன், தன் பட்ஜிக்குத் தினையில் மருந்தைத் தடவிக் காயவைத்துக் கொடுத்துவந்தான். "ஐயா, எல்லாத்தையும் தின்னுடுது, ஆனா உடம்பு தேறல" என்றான். கிண்ணத்தில் மிஞ்சியதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டச் சொன்னேன். தாள் முழுவதும் இரண்டாகப் பிளந்த உமிகள். ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் மருந்தின் மஞ்சள் அப்படியே காய்ந்திருந்தது. பட்ஜி நாக்கால் தினையை உருட்டி, உமியைப் பிளந்து கீழே தள்ளிவிட்டு, வெள்ளைப் பருப்பை மட்டும் விழுங்கியிருக்கிறது. கிளி இனங்களும் பின்ச் குருவிகளும் இப்படி உமி நீக்கியே தின்பவை என்பதால், தானியத்தின் மேல் தடவிய மருந்து கூண்டின் தரைக்குத்தான் போகும்.

5. பிடிப்பதற்கு முன் ஆசை காட்டிப் பார்ப்பது

பறவை தானாகத் தின்கிறது, தெளிவாக இருக்கிறது, மருத்துவரும் உணவோடு கொடுக்கலாம் என்றார் என்றால் மட்டும் இந்த வழியை முதலில் முயல வேண்டும். பிடிப்பதால் வரும் கலவரம் இதில் இல்லை. ஆனால் அளவு முழுவதும் உள்ளே போனதைக் கண்ணால் பார்க்க முடிகிற அளவுக்குக் கவளம் சிறியதாக இருக்க வேண்டும்.

கவளத்துக்கு உப்பில்லாமல் குழைய வேகவைத்த சோறு, மசித்த அவித்த முட்டை, அவித்த மக்காச்சோள மணி ஆகியவை ஏற்றவை. சோள மணியின் தோலை முதலில் உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பறவை உமியைத் தள்ளுவதுபோலவே மருந்து ஒட்டிய தோலையும் தள்ளிவிடும். பட்டாணி அளவு உணவில் மருந்தைக் கலக்குங்கள். கிண்ணம் நிறையக் கலந்தால், பாதி தின்று பாதி மிச்சம் வைக்கும், நீங்கள் மீண்டும் இருட்டில்தான் நிற்பீர்கள்.

தயிர்ச்சோற்றில் கலக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் தயிரில் இருக்கும் கால்சியத்தோடு பிணைந்துகொள்வதால், தயிரோடு கொடுத்தால் உடலில் ஏறுவது குறைந்துவிடும். அதே காரணத்தால், காசிமேட்டுக் கடற்கரை மணலில் பொறுக்கி வந்து கூண்டில் கட்டியிருக்கும் கணவாய் ஓட்டையும், தாது உப்புக் கட்டி, முட்டை ஓட்டுத் தூள் ஆகியவற்றையும் இந்த மருந்துகள் நடக்கும் நாள்களில் எடுத்துவிடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் இந்த மருந்துகளைக் கரைப்பதும் தவறு.

நேரம் விடியற்காலையாக இருக்கட்டும். பறவை இரவில் தின்பதில்லை என்பதால், காலையில் இயல்பாகவே பசியோடு இருக்கும். அப்போது முதலில் மருந்தில்லாத ஒரு சிறு கவளம், அடுத்து மருந்துக் கவளம், உடனே மீண்டும் மருந்தில்லாதது என்ற வரிசையில் கொடுத்தால், முதல் கவளத்தின் நம்பிக்கையில் இரண்டாவதை விழுங்கிவிடும். பசிக்கட்டும் என்று பகலில் தீனியை எடுத்துவைத்துப் பட்டினி போடுவது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும் கூட. சிறிய பறவையின் உடலில் அத்தனை நேரத்துக்குச் சேமிப்பு இல்லை.

இரண்டு வேளை முயன்றும் கவளத்தைத் தொடவில்லை என்றால் இந்த வழியை விட்டுவிட வேண்டும். மூன்றாவது நாளும் கெஞ்சிக்கொண்டிருந்தால் சிகிச்சை தள்ளிப்போகும்.

6. சிரிஞ்சோடு பழக்கம்

இது நலமாக இருக்கும் காலத்திலேயே செய்துவைக்க வேண்டிய வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், மருந்தில்லாத சிரிஞ்சின் முனையில் ஆப்பிள் சாறோ மசித்த பழமோ ஒரு துளி தடவிக் கூண்டுக் கம்பிக்கு வெளியே காட்டுங்கள். முதலில் தூரத்தில், பிறகு அலகுக்கு அருகில், பிறகு கடிக்கும்படி. பறவை தானாக வந்து முனையைச் சப்பும் நிலைக்கு வந்துவிட்டால், மருந்து நாளில் பாதி வேலை முடிந்துவிடும். இப்போது என்னிடம் இருக்கும் காக்டெயில் சிரிஞ்சைக் கண்டால் கொண்டையைத் தூக்கிக்கொண்டு கம்பியோரம் வந்து நிற்கிறது. கசப்பு மருந்தாக இருந்தாலும் ஒரு துளி சாறு முன்னால் இருந்தால் வாங்கிக்கொள்கிறது.

மருந்தோடு சாறு கலக்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தீனிப்பையில் பூஞ்சைத் தொற்று உள்ள பறவைக்கு இனிப்பு தரக் கூடாது. அவகாடோ, சாக்லேட், காப்பி, தேநீர் ஆகியவை எந்தப் பறவைக்கும் எந்த அளவிலும் கூடாதவை.

7. பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தால்: அறையை ஆயத்தம் செய்தல்

வட சென்னை வீடுகள் பலவற்றில் கூடமும் சமையலறையும் ஒன்றே. எனவே முதலில் அடுப்பை அணையுங்கள். கொதிக்கும் குழம்பிலும் எண்ணெயிலும் விழுந்த பறவைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அடுத்து மின்விசிறியை நிறுத்தி, இறக்கைகள் முழுவதும் நிற்கும் வரை காத்திருங்கள். கதவு, சன்னல், தண்ணீர் வாளி எல்லாவற்றையும் மூடுங்கள். பூனையையும் குழந்தைகளையும் வெளியே அனுப்புங்கள். கொசுவத்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் பறவையின் மூச்சுக்கு ஆகாதவை. சிகிச்சை நாள்களில் அந்த அறையில் இரண்டும் வேண்டாம்.

கோடையில் நண்பகல் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள் மே மாத மதியத்தில் பறவை ஏற்கெனவே வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் துணியில் சுற்றினால் உடல் சூடு ஏறி மயங்கிவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் காலை 6, மாலை 6 என்று வைத்துக்கொள்வது வெயிலுக்கும் பொருந்தும், வேலைக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும். மருந்துக் குப்பியையும் ஷீட்டுக்கு அடியில் இருக்கும் பரணில் வைக்காமல், கீழே நிழலான இடத்தில் வையுங்கள்.

இப்போது மருந்தை அளக்க வேண்டும். குப்பியை நன்றாகக் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் நாள்களில் வெறும் நீரும் கடைசி நாள்களில் வீரியமான வண்டலுமாகப் போகும். சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால், முனையை மேலே தூக்கித் தட்டி வெளியேற்றுங்கள், 0.05 மில்லி அளவில் ஒரு குமிழி பாதி மருந்தை விழுங்கிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மருந்தைச் சிரிஞ்சோடு உள்ளங்கையில் இரண்டு நிமிடம் வைத்திருந்தால் குளிர்ச்சி போய்விடும். சூடாக்கக் கூடாது.

8. பிடிப்பது

கூண்டிலிருந்து குச்சிகளையும் கிண்ணங்களையும் முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு விளக்கை அணைத்து அறையை மங்கலாக்குங்கள். இருட்டில் பறவை பறக்கத் தயங்கும். பத்து நிமிடம் கூண்டுக்குள் கையை விட்டுத் துரத்தினால், மருந்து வாய்க்குள் போகும் முன்பே பறவை களைத்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் பிடிக்க முடியவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு, பறவை அமைதியானதும் மீண்டும் முயலுங்கள்.

துணி போர்த்திய கையால் முதுகுப் பக்கமிருந்து பிடிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாடையின் இரு பக்கமும் தலையைத் தாங்கட்டும். மற்ற விரல்கள் இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைக்கட்டும். பறவையின் நெஞ்சில் அழுத்தமே விழக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்குள் காற்று போகும். இறுகப் பிடித்த கைக்குள் மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் பறவை மூச்சடைத்து இறந்துவிடும். புதியவர்கள் பறவையைக் கொல்வது பெரும்பாலும் பயத்தில் இறுக்குவதால்தான். கழுத்தை உறுதியாகவும் நெஞ்சைத் தளர்வாகவும் வைத்துக்கொள்வதை, முதலில் ஒரு சுருட்டிய கைக்குட்டையில் பழகிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மருந்தைக் கூண்டுக்குள்ளேயே கொடுக்காமல் நாற்காலியில் வந்து அமர்ந்து கொடுங்கள். கூண்டு அதற்குப் பாதுகாப்பான வீடாகவே இருக்க வேண்டும். முடிந்தால் ஒருவர் பிடிக்க, மற்றொருவர் கொடுக்கட்டும்.

9. வாயில் விடுவது

பறவையை நிமிர்த்தி, தலை சற்றே உயர்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. பறவையின் நாக்கு தொடங்கும் அடிப்பகுதியில், நடுவில், மூச்சுக்குழாயின் வாய் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். மருந்து நேராக அதற்குள் போனால் நுரையீரலை அடைந்துவிடும். உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கம் செல்கிறது. ஆகையால் சிரிஞ்சை பறவையின் இடப்பக்க வாயோரத்தில், மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடையில் நுழைத்து, முனை வலப்பக்கத் தொண்டையைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். 'இடம்' என்பது உங்கள் இடப்பக்கம் அல்ல, பறவையின் இடப்பக்கம். முகத்துக்கு முகம் பிடித்திருக்கும்போது இதில் குழம்புவது இயல்பு என்பதால் சிரிஞ்சை எடுக்குமுன் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அலகைத் திறக்க வற்புறுத்த வேண்டாம். வாயோரத்தில் முனை பட்டால் கடிக்கத் திறக்கும், அப்போது உள்ளே போகும். ஒரு துளி விடுங்கள், நிறுத்துங்கள். நாக்கு முன்னும் பின்னும் அசைந்து தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த துளி. முழுவதையும் ஒரே அழுத்தாக அழுத்துவதுதான் மூச்சுக்குழாயில் மருந்து இறங்க முக்கியக் காரணம். 0.1 மில்லிக்கு இரண்டு மூன்று தவணை ஆகட்டும். அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பறவை தலையை உதறினாலோ மூக்கில் நுரை வந்தாலோ உடனே நிறுத்தி, தலையைச் சற்றுக் குனியவிட்டு, பிடியைத் தளர்த்துங்கள். மூச்சு சீரான பிறகு, அன்று தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யலாம். கத்திக்கொண்டிருக்கும்போது மருந்து விடவே கூடாது, ஏனென்றால் கத்தும்போது மூச்சுக்குழாய் திறந்திருக்கும்.

10. புறாவுக்கு

வியாசர்பாடி, புளியந்தோப்பு மொட்டைமாடிகளில் புறா வளர்ப்பவர்கள் இதைப் படித்தால், நாங்கள் மாத்திரையைப் போட்டு விழுங்க வைக்கிறோமே என்று கேட்பார்கள். புறாவுக்கு அது சரியே. புறா தானியத்தை உமியோடு முழுதாக விழுங்கும்; கடிக்காது. எனவே எண்ணெய் ஒரு துளி தடவிய தானியத்தில் மருந்துப் பொடி ஒட்டும் முறையும் அதற்குப் பலிக்கும். மாத்திரை கொடுக்கும்போது, கால்களை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, அலகைத் திறந்து, நாக்கின் அடிப்பகுதியில் தெரியும் மூச்சுத் துளையைத் தாண்டிப் பின்னால் வைத்து, அலகை மூடித் தொண்டையைக் கீழ்நோக்கித் தடவினால் போதும். இதே முறையில் காக்டெயிலுக்கு மாத்திரை போட்டால் அது கடித்துத் தூளாக்கித் துப்பிவிடும்.

11. கொடுத்த பிறகு

அலகிலும் கன்னத்து இறகிலும் ஒட்டிய மருந்தை வெதுவெதுப்பான பஞ்சால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துபோனால் இறகு கொட்டும். அதைக் கோதும்போது கசப்பு மீண்டும் வாய்க்குப் போய், அடுத்த வேளைக்கு வெறுப்பு கூடும். கூண்டில் விட்டதும் தினைக் கதிரைக் கட்டிவிடுங்கள். மருந்துக்குப் பின்னால் எப்போதும் நல்லது வரும் என்பதைப் பறவை மூன்று நான்கு நாளில் கற்றுக்கொள்கிறது.

அரை மணி நேரம் அருகில் இருந்து கவனியுங்கள். நோயுற்ற பறவைக்குக் கதகதப்பு தேவை, ஆனால் நம் ஊர்க் கோடையில் விளக்கு வைத்துச் சூடேற்றத் தேவையில்லை. மழைக்கால இரவில் மூன்று பக்கம் துணியால் மூடி, ஒரு பக்கத்தைத் திறந்து விட்டால் போதும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எச்சத்தைச் சுரண்டும்போது முகக்கவசம் அணியுங்கள், ஏனென்றால் கிளிக் காய்ச்சல் போன்ற சில நோய்கள் எச்சத் தூசியின் வழியே மனிதருக்கும் பரவும்.

சிரிஞ்சை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கோடுகள் அழியத் தொடங்கினால் உடனே புதியது வாங்குங்கள். கோடு மங்கிய சிரிஞ்சில் கண்மதிப்பில் இழுக்கும் நாளில்தான் தவறு நேரும்.

12. துப்பியதும் தவறியதும்

பறவை கொஞ்சம் துப்பிவிட்டால் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்து மறுபடி கொடுக்காதீர்கள். கொடுத்த மருந்து அப்படியே வெளியே வழிந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு மீண்டும் கொடுக்கலாம். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரண்டு மடங்கு கொடுக்கக் கூடாது. குறிப்பேட்டில் தேதி, நேரம், அளவு, எடை, எச்சத்தின் நிறம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். வீட்டில் இருவர் பொறுப்பேற்றால், அம்மா கொடுத்தது தெரியாமல் மகனும் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. கொடுத்த கையோடு எழுதினால்தான் அது நிற்கும்.

மூன்றாம் நாள் பறவை துறுதுறுப்பாகிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுவதும் வழக்கமான தவறு. மருத்துவர் பத்து நாள் என்றால் பத்து நாளும் கொடுக்க வேண்டும். அறிகுறி மறைந்த பிறகும் உள்ளே கிருமி இருக்கும். அரைகுறையாக விட்டால் அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

13. எப்போது வீட்டில் முயல்வதை நிறுத்த வேண்டும்

வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூச்சோடு வால் ஏறி இறங்குவது, மூச்சில் 'கிளிக்' என்ற ஓசையோ ஈரமான ஓசையோ கேட்பது, கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆகிய நிலைகளில் பறவையைப் பிடித்து மருந்து கொடுக்கவே கூடாது. மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் இவற்றில் ஒன்று தொடங்கினால், மருந்து மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம். முதல் நாள் எடையிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 35 கிராம் பட்ஜிக்கு அது வெறும் மூன்றரை கிராம்தான், ஆனால் அதற்கு அது பெரிய இழப்பு. ஒவ்வொரு வேளையும் போராட்டமாகவே முடிகிறது என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு சுவையில் மருந்து, நாளுக்கு ஒருமுறை போதுமான மருந்து, அவர்கள் கையாலேயே போடும் ஊசி என்று மாற்று வழிகள் அவர்களிடம் உண்டு.

கொண்டுபோகும்போது கூண்டைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறாதீர்கள். ஒவ்வொரு குலுங்கலுக்கும் பறவை கம்பியில் மோதும். காற்றோட்டத் துளைகள் போட்ட அட்டைப் பெட்டியின் அடியில் வழுக்காத துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு, மூடி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டாக இருந்தால் அமைதியாக இருக்கும். மருந்துக் குப்பி, பயன்படுத்திய சிரிஞ்ச், குறிப்பேடு, அன்று காலை எச்சம் விழுந்த வெள்ளைத் தாள் ஆகிய நான்கும் ஒரு பையில் உங்களோடு வரட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.